‘ஸ்டார்விங்’, ‘ஏஜஸ்’, ‘லிட்ரலி’: ஆங்கில மிகைப்பேச்சில் எதைச் சொற்படி எடுத்துக்கொள்வது?

தென்மலை (கேள்வி)

லண்டன், நியூயார்க் ஆட்களோடு தினமும் பேசவேண்டிய வேலையில் இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தப் பேச்சில் எல்லாமே உச்சத்தில் இருக்கிறது. ஒரு கோப்பு வரக் கொஞ்சம் தாமதமானால் ‘இட் டுக் ஃபாரெவர்’. பையில் நாலு புத்தகம் இருந்தால் ‘இட் வெய்ஸ் எ டன்’. சாதாரண ஸ்லைடைப் பார்த்ததும் ‘அப்சல்யூட்லி அமேஸிங்’. எதை அப்படியே நம்புவது, எதை வெறும் உணர்ச்சியாக எடுத்துக்கொள்வது? இதற்கு ஏதாவது அளவுகோல் உண்டா?

கூடவே சில சந்தேகங்கள். ‘வெரி ஸ்டார்விங்’ என்றால் ஏன் திருத்துகிறார்கள்? ‘சொற்படி’ என்று பொருள்படும் ‘லிட்ரலி’யை மிகைக்குப் பயன்படுத்துவது உண்மையிலேயே தவறா? மின்னஞ்சலிலும் ஐஇஎல்டிஎஸ் கட்டுரையிலும் இந்த நடை எவ்வளவு தூரம் செல்லும்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

செவ்வந்தி

அளவுகோல் உண்டு. சொன்னது நடக்கவே முடியாததா என்று முதலில் பாருங்கள்.

‘ஐவ் டோல்ட் யூ எ மில்லியன் டைம்ஸ்’ என்றால், பத்து லட்சம் தடவை யாராலும் ஒரே விஷயத்தைச் சொல்ல முடியாது. அந்த நடக்கமுடியாமைதான் ‘இதை எண்ணிக்கையாகக் கேட்காதே, என் எரிச்சலைக் கேள்’ என்று காட்டிக்கொடுக்கிறது. அதனால் அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. ஆனால் இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு ‘ஐ வெயிட்டட் டூ அவர்ஸ்’ என்று சொன்னால் நிலைமை வேறு. இரண்டு மணி நேரக் காத்திருப்பு நடக்கக்கூடியது, கேட்பவர் நம்பிவிடுவார். உண்மை தெரியும்போது அது பொய்யாகத்தான் நிற்கும். நம் ஆட்கள் அதிகம் தடுக்கிவிழும் இடம் இது. மிகைப்படுத்துவதென்றால் துணிந்து வானம்வரை போகவேண்டும், இல்லையென்றால் சரியான எண்ணைச் சொல்லிவிடவேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. நாம் ‘ஆயிரம் தடவை சொல்லிட்டேன்’ என்கிறபோதும் நடப்பது இதேதான். பள்ளியில் உயர்வு நவிற்சி அணி என்று படித்தது கவிதைக்கு மட்டும் உரியதல்ல.

எண்களுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ‘எ ஹண்ட்ரட்’, ‘எ தவ்சண்ட்’, ‘எ மில்லியன்’ போன்ற முழு எண்கள்தான் மிகைக்கு வரும். முன்னால் ‘எ’ வரும். ‘ஒன் மில்லியன்’ என்று அழுத்திச் சொன்னால் கணக்குச் சொல்வதுபோல ஆகிவிடும். ‘மில்லியன்ஸ் ஆஃப்’, ‘டன்ஸ் ஆஃப்’, ‘லோட்ஸ் ஆஃப்’ என்ற பன்மை வடிவங்களும் அப்படியே. ‘ஸில்லியன்’ என்று ஓர் எண்ணே கிடையாது. மிகைக்காகவே உண்டான சொல். ‘செவன் ஹண்ட்ரட் அண்ட் ஃபார்ட்டி டைம்ஸ்’ என்றால் யாரும் மிகை என்று நினைக்கமாட்டார்கள், எண்ணி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். ‘டென் டைம்ஸ்’ குழப்பமான இடம். பத்து தடவை உண்மையிலேயே நடக்கலாம் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

மிகை கீழ்நோக்கியும் போகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ‘ஜஸ்ட் எ செகண்ட்’, ‘ஐல் பீ டூ மினிட்ஸ்’, ‘இட் காஸ்ட் நெக்ஸ்ட் டு நத்திங்’ எல்லாம் சிறிதாக்கிச் சொல்லும் மிகைகள். ‘டூ மினிட்ஸ்’ என்றவருக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த கூட்டத்தைத் தள்ளிவைக்காதீர்கள். நேரம் முக்கியம் என்றால் ‘ஷல் வீ ஸே டென் பாஸ்ட்?’ என்று கடிகார நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகு வரும் பதில் சொற்படியான பதில்.

கேட்பவரின் பங்கும் இருக்கிறது. மொழியியலாளர்கள் ரொனால்ட் கார்ட்டரும் மைக்கேல் மெக்கார்த்தியும் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பதிவான 50 லட்சம் சொற்கள் கொண்ட உரையாடல் தொகுப்பை வைத்து 2004இல் எழுதிய ஆய்வு இதைத்தான் வலியுறுத்துகிறது: மிகைப்பேச்சு என்பது சொல்பவர் மட்டும் செய்வதல்ல. கேட்பவர் சிரிப்பதும், ‘ஐ நோ!’ என்பதும், மேலே இன்னொரு மிகையை ஏற்றுவதும் சேர்ந்துதான் அது நிறைவேறுகிறது. அதனால் ‘இட் டுக் ஃபாரெவர்’ என்றவரிடம் ‘ஹவ் மெனி மினிட்ஸ்?’ என்று உடனே கேட்டால் குறுக்கு விசாரணைபோல ஒலிக்கும். ‘ஓ நோ, வாட் ஹாப்பன்ட்?’ என்று கேளுங்கள். உண்மையான நேரம் அந்தப் பதிலில் தானாக வந்துவிடும்.

இளமாறன்

‘வெரி ஸ்டார்விங்’ பற்றி.

ஆங்கிலப் பெயரடைகளில் ஒரு வகைக்கு அளவு உண்டு, இன்னொரு வகை அளவின் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கிறது. ‘ஹங்ரி’ முதல் வகை: கொஞ்சம் பசி, நிறையப் பசி எல்லாம் சாத்தியம். ‘ஸ்டார்விங்’ இரண்டாம் வகை. ‘வெரி’ என்பது ஏணியில் ஒரு படி ஏற்றும் சொல். உச்சியில் இருப்பதை ஏற்ற இன்னொரு படி கிடையாது. அங்கே ‘முழுக்க முழுக்க’ என்று உறுதிசெய்யும் சொல்தான் பொருந்தும்: ‘அப்சல்யூட்லி ஸ்டார்விங்’. ‘ரியலி’ மட்டும் இரண்டு பக்கமும் செல்லும். சந்தேகம் வந்தால் அதையே போட்டுவிடுங்கள்.

ஜோடிகளாக மனத்தில் வைத்துக்கொண்டால் சுலபம். ‘டயர்ட்’ – ‘எக்ஸாஸ்டட்’, ‘கோல்ட்’ – ‘ஃப்ரீஸிங்’, ‘ஹாட்’ – ‘பாய்லிங்’, ‘ஆங்ரி’ – ‘ஃப்யூரியஸ்’, ‘பிக்’ – ‘எனார்மஸ்’. முதலாவதோடு ‘வெரி’, இரண்டாவதோடு ‘அப்சல்யூட்லி’. ஒப்பீட்டுக்கும் இதே தடை. ‘மோர் ஃப்ரீஸிங் தேன் யெஸ்டர்டே’ என்பதைவிட ‘கோல்டர் தேன் யெஸ்டர்டே’தான் இயல்பு. ‘எ பிட் எக்ஸாஸ்டட்’ என்பதும் காதில் இடறும்.

இந்த ஜோடி பேச்சில் கேள்வி-பதிலாகவே வரும். ‘ஆர் யூ ஹங்ரி?’ என்று சாதாரணச் சொல்லில் கேட்பார்கள்; ‘ஹங்ரி? ஐ’ம் ஸ்டார்விங்!’ என்று உச்சச் சொல்லில் பதில் வரும், அழுத்தம் முழுக்க ‘ஸ்டார்’ மேல். ‘யெஸ், ஐ’ம் அப்சல்யூட்லி ஹங்ரி’ என்று யாரும் சொல்வதில்லை.

‘க்வைட்’ தனிச் சிக்கல். பிரிட்டிஷ் பேச்சில் ‘க்வைட் குட்’ என்றால் பரவாயில்லை என்ற அளவுதான். ‘க்வைட்’மேல் அழுத்தம் விழுந்தால் அதற்கும் கீழே. அதே ஆள் ‘க்வைட் பிரில்லியண்ட்’ என்றால் முழுமையான பாராட்டு, ஏனென்றால் ‘பிரில்லியண்ட்’ உச்சச் சொல். அமெரிக்கர் ‘க்வைட் குட்’ என்றால் நன்றாக இருக்கிறது என்றே பொருள் கொள்ளலாம். ஒரே மின்னஞ்சல் இரண்டு ஊருக்கும் போகிறதென்றால் அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள்.

‘டையிங்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது முன்னிடைச்சொல்லில் மாறுகிறது. ‘டையிங் ஃபார் எ காஃபி’, ‘டையிங் டு மீட் ஹெர்’ இரண்டும் ஆசை. ‘டையிங் ஆஃப் தர்ஸ்ட்’ பேச்சில் பெரும்பாலும் மிகை. ‘டையிங் ஆஃப் கேன்ஸர்’, ‘டையிங் ஃப்ரம் ஹிஸ் இன்ஜுரீஸ்’ என்றால் மரணம். ‘ஐ’ம் டையிங் ஃப்ரம் எ காஃபி’ என்று தவறாகச் சொன்னால் காப்பியில் விஷம் இருந்ததுபோல ஆகிவிடும். வலிக்கு ‘கில்லிங்’தான் வழக்கு: ‘மை ஃபீட் ஆர் கில்லிங் மீ’. ‘போர்ட் டு டெத்’, ‘ஸ்கேர்ட் டு டெத்’ என்று உணர்ச்சிச் சொற்களோடு ‘டு டெத்’ ஒட்டும். ‘ஹாப்பி டு டெத்’ கிடையாது.

‘நெடுநாளாகப் பார்க்கவில்லை’ என்பதற்கு ‘ஐ ஹாவண்ட் ஸீன் யூ ஃபார் ஏஜஸ்’. அமெரிக்காவில் ‘இன் ஏஜஸ்’ அதிகம். ‘ஐ டிட்ண்ட் ஸீ யூ ஃபார் ஏஜஸ்’ நம் ஊரில் அடிக்கடி கேட்கிற பிழை. பார்க்காத காலம் இந்தக் கணம்வரை நீள்வதால் ‘ஹாவண்ட் ஸீன்’ வேண்டும்.

கயல்விழி

செவ்வந்தி சொன்ன அளவுகோல் எண்களுக்குச் சரி, முழுசாகப் போதாது. ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’, ‘எவ்ரிபடி’, ‘நோபடி’, ‘தி வர்ஸ்ட் எவர்’ – இவற்றில் எதுவும் நடக்கவே முடியாதது அல்ல. ஆனாலும் பேச்சில் பெரும்பாலும் மிகையாகத்தான் வருகின்றன. உரையாடல் ஆய்வாளர் அனிதா பொமெரன்ட்ஸ் 1986இல் இந்த வகைக்கு உச்சநிலைக் கூற்றுகள் என்ற கருத்தில் ஒரு பெயர் கொடுத்து, அவை எங்கே வருகின்றன என்று காட்டினார்: குறை சொல்லும்போதும், தன் தரப்பைக் காக்கும்போதும், ‘எல்லாரும் செய்கிறார்கள், அதனால் தப்பில்லை’ என்று நியாயம் தேடும்போதும். அதாவது எதிராளி மறுத்துவிடுவார் என்று எதிர்பார்க்கும் இடங்களில். ‘யூ நெவர் ஆன்ஸர் மை மெயில்ஸ்’ என்று வந்தால் அதற்குள் ஒரு குறை இருக்கிறது. ‘கடந்த வாரம்கூடப் பதில் போட்டேனே’ என்று விதிவிலக்கைக் காட்டினால் வாதத்தில் ஜெயிக்கலாம், ஆனால் குறை அங்கேயே நிற்கும். எந்த மின்னஞ்சல் என்று கேட்பதே பயன் தரும்.

‘லிட்ரலி’ பற்றி இணையத்தில் கோபம் மட்டும்தான் அதிகம், விவரம் குறைவு. ‘ஐ லிட்ரலி டைட்’ போன்ற பயன்பாடு இன்றைய இளைஞர்கள் கண்டுபிடித்ததல்ல. 18ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் சான்று உண்டு. அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் 1909ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இந்தப் பொருளைச் சேர்த்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி 2011இல் பதிவைத் திருத்தியது. 2013இல்தான் செய்தித்தாள்கள் கவனித்து ‘அகராதியே கெட்டுவிட்டது’ என்று எழுதின. அந்தப் பதிவிலும் இது பேச்சு வழக்கு, செந்தர ஆங்கிலத்தில் ஒழுங்கல்லாததாகப் பலர் கருதுவது என்ற குறிப்பு இருக்கிறது.

இதற்கு முன்னால் ‘வெரி’யே இந்தப் பாதையில் வந்த சொல்தான். பழைய பிரெஞ்சில் ‘உண்மையான’ என்று பொருள்பட்டது. ‘ரியலி’, ‘ட்ரூலி’ இரண்டும் அப்படியே. மெய் என்று உறுதிசொல்லும் சொற்கள் தேய்ந்து வெறும் அழுத்தமாக மாறுவது ஆங்கிலத்தில் நெடுங்கால நடைமுறை. ஆகவே ‘தவறு’ என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எழுத்தில் பயன்படுத்தவேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் நடைமுறை சார்ந்தது: சொற்படி என்று சொல்லவேண்டிய நேரம் ஒரு நாள் வரும், அன்றைக்கு அந்தச் சொல் உங்களுக்குத் தேவைப்படும். ‘தி சர்வர் ரூம் இஸ் லிட்ரலி ஆன் ஃபயர்’ என்று எழுதினால் யாராவது தீயணைப்புத் துறையைக் கூப்பிடவேண்டும்.

மருத்துவரிடம் பேசும்போது இன்னும் கவனம். ‘தி வர்ஸ்ட் ஹெடேக் ஆஃப் மை லைஃப்’ என்பது பேச்சில் சாதாரண மிகை, அவசர சிகிச்சைப் பிரிவில் அது ஓர் எச்சரிக்கைக் குறி. திடீரென்று வந்து, சில நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொடும் கடுமையான தலைவலி மூளையைச் சுற்றியுள்ள இரத்தக் கசிவாக இருக்கலாம் என்பதால், அந்தச் சொற்களைக் கேட்டதும் உடனடியாக ஸ்கேன் பற்றி யோசிப்பார்கள். உண்மையில் அப்படி வந்தால் அதே சொற்களைத் தயங்காமல் சொல்லுங்கள், எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரத்தில் உச்சத்துக்குப் போனது என்பதையும் சேருங்கள். வழக்கமான தலைவலிக்கு அதைச் செலவழிக்காதீர்கள்.

தென்மலை

மிகவும் நன்றி. கயல்விழி சொன்ன ‘எவ்ரிபடி’ விஷயம்தான் எனக்கு அதிகம் தேவைப்படுகிறது. ‘எவ்ரிபடி இஸ் கம்ப்ளெய்னிங் அபவுட் தி நியூ ஸ்க்ரீன்’ என்று வாடிக்கையாளர் எழுதினால் எப்படிப் பதில் எழுதுவது? இன்னொன்று: விளம்பரங்களில் ‘உலகிலேயே சிறந்தது’ என்று எழுதுகிறார்களே, அதை யாரும் சட்டப்படி கேட்பதில்லையா?

வாதி

கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஆங்கிலச் சட்டத்தில் இதற்கு ‘பஃப்’ என்று பெயர்: யாரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாத வியாபாரப் பெருமை. எல்லைக்கோட்டைக் காட்டும் வழக்கு கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி. 1891இல் அந்தக் கம்பெனி, தன் புகைப்பந்தை (மூக்கில் இழுக்கும் மருந்துப் பந்து) நாளைக்கு மூன்று வேளை இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் இன்ஃப்ளுயன்ஸா வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்தது. திருமதி கார்லில் சொன்னபடி பயன்படுத்தினார், காய்ச்சல் வந்தது, பணம் கேட்டார். ‘அது வெறும் பஃப்’ என்றது கம்பெனி. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1892 டிசம்பரில் அதை ஏற்கவில்லை. எங்கள் நேர்மைக்கு அடையாளமாக அலையன்ஸ் வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருக்கிறோம் என்று அதே விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். தொகை, வேளைக் கணக்கு, வங்கி எல்லாம் குறித்த பிறகு மிகை என்று தப்பிக்க முடியாது.

எதிர்ப்பக்க உதாரணம் பெப்சி. 1996 வாக்கில் வந்த தொலைக்காட்சி விளம்பரத்தில் 70 லட்சம் பெப்சி புள்ளிகளுக்கு (பானம் வாங்கிச் சேர்க்கும் பரிசுப் புள்ளிகள்) ஒரு ஹாரியர் போர் விமானம் என்று காட்டினார்கள். ஒரு புள்ளியை 10 சென்டுக்கு வாங்கலாம் என்ற விதி இருந்தது. ஓர் இளைஞர் 7,00,008.50 டாலர் காசோலையோடு விமானம் கேட்டார். விமானத்தின் விலையோ ஏறத்தாழ 2.3 கோடி டாலர். பள்ளி மாணவன் போர் விமானத்தில் பள்ளிக்கு வந்திறங்கும் காட்சியை நியாயமான எவரும் உண்மையான விற்பனை முன்மொழிவாக எடுத்துக்கொள்ளமாட்டார் என்று நியூயார்க் நீதிமன்றம் 1999இல் தீர்த்தது. இங்கேயும் எண் துல்லியமாகத்தான் இருந்தது, ஆனால் காட்சி நடக்கமுடியாததாக இருந்தது. செவ்வந்தியின் அளவுகோல்தான், நீதிமன்றத்தின் வாயிலிருந்து.

பிரிட்டனில் விளம்பர நெறிமுறையே இதை எழுதி வைத்திருக்கிறது: வெளிப்படையான மிகைக்கு அனுமதி உண்டு, வாங்குபவரை முக்கியமான விஷயத்தில் தவறாக வழிநடத்தாதவரை. ‘உலகின் சிறந்த காப்பி’ செல்லும். ‘ஐந்தில் நான்கு பேர் இதையே விரும்புகிறார்கள்’ என்றால் சான்று கேட்பார்கள்.

எழுத்தில் மிகை எப்படித் திரும்பிவந்து கடிக்கும் என்பதற்கு இன்னொன்று. 2010 ஜனவரியில் பனியால் மூடிக்கிடந்த இங்கிலாந்தின் ராபின் ஹூட் விமான நிலையத்தைப் பற்றி ஒருவர் ட்விட்டரில், ஒரு வாரத்துக்கு மேல் அவகாசம் தருகிறேன், சரிசெய்யாவிட்டால் வெடிவைத்துவிடுவேன் என்ற பொருளில் எரிச்சலாக எழுதினார். அதே ஆண்டு மே மாதம் குற்றவாளி என்று தீர்ப்பாகி 385 பவுண்டு அபராதம். 2012 ஜூலையில்தான் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நண்பர்களிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எழுத்தில் குரல் இல்லை, முகம் இல்லை, யார் படிப்பார்கள் என்பது நம் கையிலும் இல்லை. வன்முறைச் சொற்களில் மிகை வேண்டவே வேண்டாம், குறிப்பாக விமான நிலையம், பள்ளி, விசா அலுவலகம் தொடர்பான எதிலும்.

செவ்வந்தி

கயல்விழியின் திருத்தம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ‘ஆல்வேஸ்’, ‘எவ்ரிபடி’ போன்றவை நடக்கக்கூடியவை என்பதால்தான் எழுத்தில் அதிகச் சேதம் செய்கின்றன.

தென்மலை, அந்த வாடிக்கையாளருக்கான பதிலில் ‘எவ்ரிபடி’யைத் தொடவே வேண்டாம். மறுக்கவும் வேண்டாம், திரும்பச் சொல்லவும் வேண்டாம். முதல் வரி உணர்ச்சிக்கு: ‘ஐ கேன் ஸீ திஸ் இஸ் காஸிங் ட்ரபிள்.’ இரண்டாவது வரி எண்ணுக்கு: எந்தத் திரை, எத்தனை பயனர்கள், எந்தத் தேதியிலிருந்து. உங்களிடம் பதிவு இருந்தால் நீங்களே வைத்துவிடுங்கள்: ‘வீ ஹாவ் ஃபோர் ரிப்போர்ட்ஸ் ஸின்ஸ் மண்டே, ஆர் தேர் அதர்ஸ்?’ ‘எவ்ரிபடி’ நான்காகச் சுருங்குவதை அவரே பார்த்துக்கொள்வார், முகத்தில் அடித்ததுபோலவும் இருக்காது. இதை உள் அறிக்கையில் எழுதும்போது ‘ஆல் யூஸர்ஸ்’ என்று கடத்திவிடாதீர்கள். அவர் பேச்சில் சொன்ன மிகை உங்கள் அறிக்கையில் தகவலாகிவிடும். பிறகு அதை நம்பி யாராவது முடிவெடுப்பார்கள்.

பாராட்டையும் இப்படியே படிக்கலாம். ‘அமேஸிங்’, ‘ஆஸம்’, ‘ஸூப்பர் எக்ஸைட்டட்’ எல்லாம் அமெரிக்க அலுவலக ஆங்கிலத்தில் மரியாதை அளவுக்குத் தேய்ந்துவிட்டன. பெயரடையை விட்டுவிட்டு வினைச்சொல்லைப் பாருங்கள். ‘அமேஸிங்! கேன் வீ ஷிப் இட் ஃப்ரைடே?’ என்றால் உண்மையிலேயே பிடித்திருக்கிறது. ‘அமேஸிங், ஜஸ்ட் எ ஃப்யூ ஸ்மால் ட்வீக்ஸ்’ என்றால் வேலை அந்த ‘ட்வீக்ஸ்’ பட்டியலில் இருக்கிறது. லண்டன் பக்கம் எதிர்த்திசை: ‘எ பிட் ஆஃப் எ ப்ராப்ளம்’ என்றால் பெரிய சிக்கல், ‘நாட் பாட் அட் ஆல்’ என்றால் நல்ல பாராட்டு.

ஐஇஎல்டிஎஸ்ஸில் பேச்சுத் தேர்வுக்கும் எழுத்துத் தேர்வுக்கும் நிலைமை நேரெதிர். பேச்சில் ‘இட் டுக் ஏஜஸ்’, ‘ஐ வாஸ் ஸ்டார்விங்’ இயல்பாக வந்தால் நல்லது, வழக்குச் சொல் தெரியும் என்று காட்டும். எழுத்தில் இரண்டாம் பணிக்கான (கட்டுரைக்கான) மதிப்பீட்டு விவரணையைப் பாருங்கள்: அளவுக்கு மீறிப் பொதுமைப்படுத்தும் போக்கு இருக்கலாம் என்பது 7ஆம் பட்டைக்கு (மதிப்பெண் நிலைக்கு) உரிய குறையாகவே எழுதப்பட்டிருக்கிறது. 8 வேண்டுமென்றால் அதைக் களையவேண்டும். ‘எவ்ரிபடி இஸ் அடிக்டட் டு ஃபோன்ஸ்’ என்று எழுதாமல் ‘மெனி டீனேஜர்ஸ் ஃபைண்ட் இட் ஹார்ட் டு புட் தேர் ஃபோன்ஸ் அவே’ என்று எழுதுங்கள். ‘வில் டெஸ்ட்ராய்’ என்ற இடத்தில் ‘கேன் வீக்கன்’ போதும். எழுதி முடித்ததும் ‘ஆல்’, ‘எவ்ரி’, ‘நெவர்’, ‘ஆல்வேஸ்’, ‘ஒன்லி’ என்ற ஐந்து சொற்களை மட்டும் தேடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விதிவிலக்கு மனத்தில் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் ‘மோஸ்ட்’, ‘ஆஃபன்’, ‘டெண்ட் டு’ என்று இறக்குங்கள். ஆனால் எல்லா வாக்கியத்தையும் இறக்கிவிட்டால் கட்டுரைக்கு நிலைப்பாடே இல்லாமல் போகும். உங்கள் முக்கியக் கருத்தை நேராகச் சொல்லுங்கள், துணைக் கூற்றுகளில் மட்டும் அளவு பாருங்கள்.

முதல் பணியில், அதாவது வரைபடத்தை விவரிக்கும் பகுதியில், ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் வினைச்சொற்களில்தான் பலர் மதிப்பெண் இழக்கிறார்கள். 42 சதவீதம் 45 ஆனதற்கு ‘ஸ்கைராக்கெட்டட்’ என்று எழுதுவது நடைப் பிழையல்ல, தகவல் பிழை. அதற்கு ‘ரோஸ் ஸ்லைட்லி’ போதும். அளவு இரண்டு மூன்று மடங்காகும்போது ‘ஸோர்ட்’ (மளமளவென உயர்ந்தது) எழுதலாம், அதுவும் வரைபட அச்சுக்கோட்டில் உள்ள எண்ணைப் பக்கத்திலேயே வைத்து. அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். 40இல் தொடங்கும் அச்சில் மூன்று புள்ளி ஏற்றம் மலைபோலத் தெரியும்.